இஞ்ச் டேப்போடு படம் பார்

அன்புள்ள நண்பா,

கடிதமும் எட்டுப் படங்களும் வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ் ஓவியங்களில் வீட்டு வேலைக்காரர்கள் என்று மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பேசப்போகிறாய், நல்ல காரியம். தேர்விலும் குறையில்லை. ஆனால் எட்டில் ஒன்றுக்குக்கூட அளவு போடவில்லையே! புரொஜெக்டரில் போட்டால் எல்லாம் ஒரே சைஸ் ஆகிவிடும். இந்த விஷயத்தில் பாதிக் கதை அளவில்தான் இருக்கிறது.

லண்டன் ஓவியர்கள் கான்வாஸை ஏறக்குறைய நிலையான சில அளவுகளில்தான் வாங்கினார்கள். தலையும் தோளும் மட்டும் என்றால் 30 × 25 அங்குலம். ஒரு கையும் வரவேண்டும் என்றால் 36 × 28. தொடைவரை என்றால் 50 × 40. நிற்கும் முழு உருவத்துக்கு 94 × 58 அல்லது அதை ஒட்டி. கூலியும் இதை வைத்துத்தான். 1760களின் நடுவில் லண்டன் உருவப்பட ஓவியர் ரெனால்ட்ஸ் தலைக்கு 30 கினி, தொடைவரையான அரை உருவத்துக்கு 70, முழு உருவத்துக்கு 150 கினி வாங்கினார். ஒரு கினி 21 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டைவிட ஒரு ஷில்லிங் அதிகம். அந்தக் காலத்தில் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணின் வருடச் சம்பளம் பெரும்பாலும் 10 பவுண்டுக்குள். ஆகவே ஒரு வேலைக்காரருக்கு எத்தனை அங்குலம் கிடைத்தது என்று பார்த்தாலே எஜமானர் மனசு கொஞ்சம் பிடிபடும்.

உன் முதல் படம் பிரிட்ஜெட் ஹோம்ஸ். ஜான் ரைலி 1686இல் வரைந்தது, அரச குடும்பத்துத் தொகுப்பில் இருக்கிறது. அவருக்கு அப்போது வயது 96. வேலையின் பெயர் 'நெசசரி உமன்'. பேர் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அரண்மனை அறைகளின் மூத்திரச் சட்டிகளைக் கொட்டிக் கழுவுவதும் அதில் அடக்கம். மன்னர் முதலாம் சார்லஸ் காலத்திலிருந்து வேலை பார்த்தவர். படத்தின் உயரம் சுமார் 225 செ.மீ., அகலம் 149. அதாவது ஒரு டியூக்குக்குப் போடும் முழு உருவச் சட்டம். திரைச்சீலை, பெரிய கல் ஜாடி என்று பிரபுக்களின் படத்தில் வரும் சாமான்கள் அத்தனையும் உண்டு. நடுவில் கிழவி வெள்ளை ஏப்ரனோடு நிற்கிறார். திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் அரண்மனைப் பையனை நோக்கித் துடைப்பத்தை ஓங்குகிறார். கிண்டலா மரியாதையா என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். இரண்டும் கலந்ததுதான் என்பது என் கட்சி. கிண்டல் மட்டும் என்றால் சின்னத் துணியே போதும், இவ்வளவு கான்வாஸையும் சாயத்தையும் யாரும் வீணடிக்க மாட்டார்கள். 1691இல், 100 வயதில் இறந்தவரை அரசர்களை அடக்கம் செய்த வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடு.

அடுத்து ஓவியர் ஹோகார்த்தின் ஆறு தலைகள். லண்டனில் டேட் பிரிட்டன் மியூசியத்தில் இருக்கிறது, 1750–55 வாக்கில் வரைந்தது. அளவு சுமார் 63 × 75 செ.மீ. அங்குலத்தில் கணக்குப் போட்டுப் பார்: 25 × 30! ஒரு தலைக்கான கான்வாஸைப் படுக்கவைத்து அதில் தன் வீட்டு வேலைக்காரர்கள் ஆறு பேரையும் நெருக்கி உட்கார வைத்திருக்கிறார். சிக்கனம்தான், ஆனால் பார்த்தால் சிக்கனம் ஞாபகத்துக்கு வராது. மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள், ஒரு பையன். பின்னால் வெறும் பழுப்பு. கையில் தட்டு இல்லை, விளக்குமாறு இல்லை, யாருக்கும் உடம்பே இல்லை. ஒருவர்கூட இன்னொருவரைப் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. வேலைக்காரரை வேலையை வைத்து அடையாளம் காட்டும் வழக்கத்தை அவர் இதில் அப்படியே விட்டுவிட்டார். இத்தனைக்கும் தன் கதைப் படங்களில் வேலைக்காரர்களைக் கதை சொல்லும் கருவியாகத் தாராளமாக உபயோகித்தவர் இதே ஹோகார்த்தான். 'மேரேஜ் அ லா மோட்' என்ற திருமணக் கதை வரிசையின் இரண்டாம் படத்தில், பில் கட்டோடு வெறுத்துப்போய் வெளியேறும் காரியஸ்தரைப் பக்கத்தில் வைத்துக் காட்டு. வித்தியாசம் தானாகவே விளங்கும்.

ஓவியர் கெய்ன்ஸ்பரோ வரைந்த இக்னேஷியஸ் சாஞ்சோவை உன் பட்டியலில் காணோம். கட்டாயம் சேர். 1768 நவம்பர் 29, பாத் நகரம். ஒரு மணி 40 நிமிடத்தில் முடித்ததாகக் குறிப்பு இருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு பூச்சு காயக் காத்திருக்க முடியாது, ஈரத்தின் மேலேயே ஈரமாகப் போட்டாக வேண்டும். தளத்தின் (கான்வாஸில் முதலில் போடும் அடிப்பூச்சு) சூடான பழுப்பு கன்னத்தின் நிழலில் அப்படியே மூச்சு விடுவது அதனால்தான். சாஞ்சோ அப்போது மாண்டேகு டியூக்கின் அந்தரங்கப் பணியாள். ஆனால் படத்தில் சீருடை கிடையாது. சிவப்பு வெயிஸ்ட்கோட்டில் ஒரு கையைச் செருகிக்கொண்டு கனவான் தோரணையில் இருக்கிறார். இதுவும் 30 × 25 வகைதான், ஆனால் முழுச்சட்டமும் அவர் ஒருவருக்கே.

சீருடை விஷயத்தில் உன் குறிப்பில் ஒரு சின்னப் பிழை: பெண்களுக்கும் சீருடை என்று போட்டிருக்கிறாய். 18ஆம் நூற்றாண்டில் சீருடை ஆண்களுக்கு மட்டும்தான். குடும்பச் சின்னத்தின் நிறத்தில் கோட்டு, ஜரிகை, தோளில் தொங்கும் கயிற்று முடிச்சு, பவுடர் போட்ட தலை. 1777இலிருந்து ஒவ்வொரு ஆண் வேலைக்காரருக்கும் வருடம் ஒரு கினி வரி வேறு (அமெரிக்கப் போர்ச் செலவுக்காகப் போட்டது, 1937வரை ஓடியது). 1795இல் தலைப் பவுடருக்கும் ஒரு கினி. அப்படியென்றால் படத்தில் சீருடைக்காரர் ஒருவர் நின்றால், 'நான் வரி கட்டுகிறேன் பார்' என்று வீட்டுக்காரர் சொல்கிறார். பெண்களுக்குக் கறுப்பு கவுன், வெள்ளைத் தொப்பி என்பது விக்டோரியா காலத்து ஏற்பாடு. அதற்கு முன் எஜமானி கழித்துப்போட்ட உடுப்பைத்தான் பல பெண்கள் போட்டுக்கொண்டார்கள். எஜமானிகளும் மெல்லிய மஸ்லினில் ஏப்ரன் கட்டினார்கள். ஏப்ரனைப் பார்த்தவுடன் வேலைக்காரி என்று முடிவுகட்டினால் மாட்டிக்கொள்வாய்.

ஹென்றி மார்லண்டின் சலவைப் பெண்ணையும் இதே எச்சரிக்கையோடு காட்டு. துணிக்குச் சோப்புப் போடுகிறாள், ஆனால் கை சிவக்கவில்லை, முகத்தில் வியர்வை இல்லை, நீராவி இல்லை. நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறிய விரல் எப்படியிருக்கும் என்று வகுப்பில் யாருக்காவது தெரிந்திருக்கும். அழகான பெண்ணை வரைய ஒரு சாக்கு, அவ்வளவுதான். 1851 குடிக்கணக்கின்படி பிரிட்டனில் வீட்டு வேலை செய்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். தனியாளாகக் கரி அள்ளி, படி தேய்த்து, சமைத்த பெண்தான் அவர்களில் சகஜம், ஓவியத்தில் அபூர்வம்.

எர்டிக் மாளிகைப் படங்களை நீ 'பெருந்தன்மை' என்று எழுதியிருக்கிறாய். வேல்ஸில் ரெக்ஸம் பக்கத்து வீடு அது. பிலிப் யார்க் 1790களில் டென்பி ஊர் ஜான் வால்டர்ஸை வைத்துத் தச்சர், வேட்டைக் காவலர் என்று வரிசையாக வரையச் சொன்னார். 1793இல் வரைந்த ஜேன் எப்ரல் 87 வயது ஒட்டடைக்காரி. எல்லாருக்கும் பெயர் உண்டு, அது பெரிய விஷயம்தான். ஆனால் படத்தோடு இருக்கும் பாட்டுகளை இயற்றியது எஜமானர். ஜேன் என்ன நினைத்தார் என்பதற்கு ஒரு வரி கிடையாது. 'பெருந்தன்மை'யை எடுத்துவிட்டு 'குடும்பப் பெருமை' என்று போடு.

இனி எலிஹு யேல். நம் சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை தலைவராக இருந்த அதே ஆள்தான். 1719 வாக்கில் லண்டனில் வரைந்த படம், ஜான் வெரெல்ஸ்ட் கைவண்ணம் என்று கருதுகிறார்கள். மேசையைச் சுற்றிப் பெரியவர்கள், மது, புகையிலை, பின்னால் விளையாடும் குழந்தைகள். ஓரத்தில் சீருடையில் ஒரு கறுப்பினச் சிறுவன். எட்ட நின்று பார்த்தால் வெள்ளைக் கழுத்துத்துணி மாதிரித் தெரியும். கழுத்தைப் பெரிதாக்கு: உலோகப் பட்டை, அதில் ஒரு பூட்டு. பின்னால் ஆடும் பிள்ளைகளுக்கும் இவனுக்கும் வயது அதிகம் வித்தியாசப்படாது. ரொம்ப காலம் தலைப்பில் இவன் வெறும் 'பேஜ்', அதாவது பணிவிடைப் பையன். யேல் பிரிட்டிஷ் கலை மையம் 2020இல் படத்தைக் கீழே இறக்கி ஆராய்ந்து, 'அடிமைச் சிறுவன்' என்று தலைப்பை மாற்றியது. பழைய தலைப்பு, புதிய தலைப்பு இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டு. முதல் ஸ்லைடில் கழுத்தைப் பற்றி வாயே திறக்காதே. எத்தனை பேர் தாங்களாகக் கண்டுபிடிக்கிறார்கள் பார்ப்போம்.

இந்த மாதிரி ஓரத்து உருவங்கள் இருட்டில் மூழ்கிக் கிடப்பதற்கு ஓவியரை மட்டும் குறை சொல்லாதே. எஜமானர் முகத்தில் ஈயவெள்ளைச் சாயம் தடிமனாக இருக்கும். பின்னணியில் நிற்பவரைப் பழுப்புத் தளத்தையே நிழலாக விட்டு, மெல்லிய பூச்சில் முடித்துவிடுவார்கள். எண்ணெய் வயதாக ஆகக் கண்ணாடி மாதிரி ஆகிறது, தளம் மேலே எழும்புகிறது, மெல்லிய பூச்சு முதலில் மறைகிறது. மேலே வார்னிஷ் மஞ்சளாகும். சுத்தம் செய்கிறவர் கரைப்பானை அழுத்தித் துடைத்தால் முதல் பலி அந்தப் பழுப்பு மெருகுதான். கான்வாஸ் நைந்துபோனால் பின்னால் வேறு துணி ஒட்டிச் சூடான இஸ்திரி போட்டார்களே, அதில் இருந்த கொஞ்ச மேடும் தட்டையாகிவிடும். உன் கணினியில் நிழலை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கு. ரொம்பத் தூக்கினால் தோல் நிறம் சாம்பல் பூத்து, வேறு பொய் சொல்லும்.

கடைசியாக, ரெனால்ட்ஸ் வரைந்த ஜார்ஜ் கிளைவ் குடும்பம் பெர்லினில் இருக்கிறது, அதன் நல்ல பிரதி வேண்டுமென்று கேட்டிருந்தாய். மியூசியத்தின் சொந்தப் பிரதியையே எடு. குழந்தையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருக்கும் இந்திய ஆயாவின் முகத்துக்காகத்தான் சொல்கிறேன். வேறு இடங்களில் கிடைக்கும் நகல்களில் அந்தப் பக்கம் கன்னங்கரேலென்று அடைத்துக் கிடக்கிறது. ஸ்லைடுகளில் அளவு போட்டுத் திருப்பி அனுப்பு. செ.மீ.யிலும் அங்குலத்திலும் இரண்டிலும் போடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்