தொப்பை போட்ட மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். உங்கள் போன் பாதி நேரம் என் தங்கச்சி கையில் இருக்கிறது. அவள் என் பிளாக் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பதால் இங்கே எழுதுவதுதான் பத்திரம்.

காதுகுத்து மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவும்போது சொன்னீர்கள்: "மச்சான், சிகரெட்டை விட்ட மூணு மாசத்துல ஆறு கிலோ ஏறிடுச்சு. பேசாம ஒரு நாளைக்கு ரெண்டு மட்டும் பிடிச்சுக்கலாமான்னு இருக்கு." அதற்குச் சற்று முன்னால்தான் உங்கள் பெரியப்பா உங்கள் வயிற்றைத் தட்டி, "எத்தனையாவது மாசம்?" என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைத்தார். மண்டபத்துப் படி ஏறியதும் நாற்காலி தேடியவர் அவர்தான். பீடியை இன்னும் விடவில்லை.

நான் 2019-ல் விட்டேன். 68 கிலோவில் இருந்தவன் நாலே மாதத்தில் 75-ஐத் தொட்டேன். அதற்கு முன்னால் 2014-லும் ஒருமுறை விட்டு, தொப்பையைப் பார்த்துப் பயந்து, இதே 'ரெண்டு மட்டும்' கணக்கில்தான் மறுபடி ஆரம்பித்தேன். ரெண்டு எட்டானது. தொப்பை அப்படியேதான் இருந்தது.

உங்களுக்கு நடப்பது ஊர் உலகத்தில் நடக்காததல்ல. 2012-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகரெட்டை விட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக நாலரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கூடியிருந்தது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். அதாவது நீங்கள் மோசமான கட்டத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நிகோடின் பசியை அமுக்கும். அது போக, நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுகிறவர் உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 200 கலோரி கூடுதலாக எரிக்கும். அது நின்றுபோனது. இப்போது உங்கள் டீக்கடைக் கணக்கைப் பாருங்கள். நாளைக்கு ஐந்து டீ. கடை டீயில் இரண்டு கரண்டி சீனி என்றால் சுமார் 10 கிராம், 40 கலோரி. ஐந்து டீக்கு 200. சிகரெட் எரித்துக்கொண்டிருந்ததும் சீனி கொட்டிக்கொண்டிருந்ததும் ஒரே தொகை! "சீனி இல்லாம" என்று மாஸ்டரிடம் சொல்ல ஆரம்பித்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு. முதல் வாரம் கஷாயம் மாதிரிதான் இருக்கும், பொய் சொல்லமாட்டேன்.

மீதி, கையின் வேலை. இரண்டு விரலுக்கு நடுவே எதுவும் இல்லாமல் டீக்கடையில் நிற்கத் தெரியாமல்தான் வடையை எடுக்கிறோம். நான் சட்டைப்பையில் கிராம்பும் சோம்பும் வைத்திருந்தேன். புதினா மிட்டாய் வேண்டாம், அது சீனிதான். நச்சரிப்பு தாங்கவில்லை என்றால் மெடிக்கலில் நிகோடின் கம் கிடைக்கும். எடை ஏறுவதையும் அது கொஞ்சம் தள்ளிப்போடும். பபிள்கம் மாதிரி விடாமல் மெல்லக்கூடாது. நாலு கடி கடித்து, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி, எனக்கு யாரும் சொல்லாதது. விட்ட இரண்டாவது வாரம் ராத்திரி படபடவென்று நெஞ்சு அடித்தது, தூக்கமில்லை. போய்ச் சேரப்போகிறேன் என்று நினைத்து ஈசிஜி எடுத்தேன். நார்மல். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை காபி?" சிகரெட் புகை, காபி டீயில் இருக்கும் கஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கிறதாம். புகை நின்றால் அதே கஃபீன் ரத்தத்தில் ரொம்ப நேரம் தங்கும். அதே ஆறு காபி, உடம்புக்கு மட்டும் பத்து மாதிரி. ஆக, டீயின் எண்ணிக்கையையும் குறையுங்கள்.

இருமல் கூடியிருந்தால் பதறாதீர்கள். மூச்சுக்குழாயில் அழுக்கைக் கூட்டித் தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் மறுபடி வேலையை ஆரம்பித்திருக்கின்றன. சில மாதத்தில் அடங்கும், அடங்காவிட்டால் டாக்டர். காலையில் தம் இல்லாமல் வயிறு இளகாத பிரச்சினைக்குத் தண்ணீர், கீரை, பொறுமை.

உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு என்பதால் இது முக்கியம்: 2018-ல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், விட்ட பிறகு எடை கூடியவர்களுக்குச் சில வருடங்கள் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏறி, பிறகு இறங்கியது. ஆனால் எத்தனை கிலோ கூடியிருந்தாலும், தொடர்ந்து புகைத்தவர்களைவிட அவர்கள் சாகும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. வருடம் ஒருமுறை மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். அது போதும்.

பட்டினி, டயட் எதுவும் இப்போது வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு பேரோடு மல்லுக்கட்டினால் இரண்டு பேரிடமும் அடி வாங்குவோம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் நடங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டிருப்பேன், வாருங்கள்.

பன்னிரண்டு வருடமாக உப்பில்லை என்று நீங்கள் குறை சொன்ன ரசத்தில் இப்போது உப்பு கரிக்கிறதாமே, தங்கச்சி சொன்னாள். நாக்கு திரும்பி வந்திருக்கிறது. ஒரு கரண்டி கூடச் சாப்பிட்டால் குற்றமில்லை.

பேண்ட்டுக்குப் புதிதாகச் செலவழிக்க வேண்டாம். தைத்த பேண்ட் என்றால் இடுப்பில் இரண்டு இஞ்ச் துணி உள்ளே மடித்து வைத்திருப்பார் டெய்லர். பிரித்துவிடச் சொல்லுங்கள். மிச்சத் துணியை வெட்டிவிடாமல் இருக்கச் சொல்லுங்கள், வருகிற வருடம் திரும்பப் பிடிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
மச்சான்