'இப்போதுதான்' என்ற அந்த ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். "பிளாஸ்டிக் தயாரிக்கும் அதிசய பாக்டீரியாவை விஞ்ஞானிகள் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று முதல் வரியிலேயே போட்டிருந்தீர்கள். அந்த 'இப்போதுதான்' மனசை அறுக்கிறது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மொரீஸ் லெமுவான் இதைக் கண்டு சொன்னது 1920களில். 1990-ல் ஜெர்மனியில் இந்த பாக்டீரியா பிளாஸ்டிக்கில் செய்த ஷாம்பு பாட்டில் கடைக்கே வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாததில்லை, தெரிந்தும் எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

எம்.எஸ்சி.யில் என் புராஜெக்ட்டே இதுதான். சர்க்கரை ஆலைக் கழிவுநீர் ஓடிய மண்ணிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து மொலாசஸ் என்கிற சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைக் கொடுத்து வளர்த்தேன். சர்க்கரையைத் தாராளமாகக் கொடுத்து நைட்ரஜனைக் குறைத்தால் அது பெருக முடியாமல், கிடைத்ததையெல்லாம் உடம்புக்குள் குட்டிக் குட்டி மணிகளாகச் சேர்த்து வைக்கும், நமக்குக் கொழுப்பு சேர்கிற மாதிரி. அந்த மணிதான் பி.எச்.பி. என்கிற பிளாஸ்டிக். ராத்திரி கரண்ட் போய், குடுவையைக் குலுக்கிக்கொண்டே இருக்கும் ஷேக்கர் நின்றால் மூன்று நாள் வேலை போச்சு. கடைசியில் குளோரோஃபார்மில் கரைத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, அது ஆவியானதும் உரித்தால் மெல்லிய வெள்ளை ஏடு. லிட்டருக்கு ஒரு கிராம்கூடத் தேறவில்லை. ஆசையாக மடித்துப் பார்த்தேன், அப்பளம்போல் நொறுங்கிவிட்டது.

கஷ்டமெல்லாம் அங்கேதான் சார். மலிவாக வேண்டும், நிறைய வேண்டும், நொறுங்காமலும் வேண்டும். அதற்காகத்தான் 1980களின் கடைசியிலேயே இந்தப் பிளாஸ்டிக்கைச் செய்யும் மூன்று மரபணுக்களை, ஆய்வகத்தில் சுலபமாக வளரும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் மாற்றி வைத்தார்கள். உலர் எடையில் 80 சதவீதம்வரை பிளாஸ்டிக்காகவே நிரப்பிக்கொள்ளும் பாக்டீரியா வந்தும், சர்க்கரைக்கும், வேறு கிருமிகளைக் கொல்லும் நீராவிக்கும், பிரித்தெடுப்பதற்கும் ஆகிற செலவு பெட்ரோலியப் பிளாஸ்டிக்கோடு போட்டி போடவிடவில்லை. அமெரிக்காவில் அயோவாவின் கிளிண்டனில் இந்த வகைப் பிளாஸ்டிக்கை வருடத்துக்கு 50,000 டன் செய்யலாம் என்று திட்டமிட்டுக் கட்டிய ஆலையில், 2012-ல் கூட்டாளி நிறுவனமே விலகிக்கொண்டது. பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்காரர்கள் உப்புத் தண்ணீரில் வளரும் ஹாலோமோனாஸ் என்ற பாக்டீரியாவை எடுத்து, வேறு கிருமி அண்டாததால் நீராவிச் செலவை மிச்சம் பிடித்து, செல்லையே பெரிதாக்கிப் பிரித்தெடுப்பதைச் சுலபமாக்கப் பாடுபடுகிறார்கள். இத்தனை பேர் உழைப்பும் 'அதிசயம்' என்ற ஒரு சொல்லுக்குள் போய்விட்டதே!

அப்புறம் இன்னொன்று. 2019-ல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது 'மட்கும் பை' என்று நீங்கள் எழுதியதை நம்பி, அம்மா ஒரு பையைத் தென்னை மரத்தடியில் புதைத்தார். இரண்டு மழைக்காலம் கழித்துத் தோண்டினால் பையில் இருந்த எழுத்துகூட அழியவில்லை. அது பாலிலாக்டிக் அமிலம் என்கிற வேறு வகைப் பிளாஸ்டிக், கிட்டத்தட்ட 60 டிகிரி சூட்டில் நடக்கும் உரக்கிடங்கில்தான் ஒழுங்காக மட்கும். பி.எச்.பி.யைச் சாதாரண மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களே தின்னும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதாதீர்கள் என்று அப்போதே கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

அடுத்த இதழில் ஒரு மூலையில் 'இப்போதுதான்' என்பது தவறு என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். 'மட்கும்' என்று எழுதினால் எந்தப் பிளாஸ்டிக், எங்கே மட்கும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்