பனங்கொட்டை பொறுக்கிற காலம்

முள்ளியவளை,
ஆவணி

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கால் நோ முந்தின மாதிரித்தான். நீயும் தங்கச்சியும் சுகமா இருப்பியள் எண்டு நினைக்கிறன்.

நீ அனுப்பின குரல்பதிவு முழுக்கக் கேட்டன். காசா, உக்ரைன், சூடான், எண்ணெய் விலை, பிறகு பனிமலை உருகிறது. லண்டனில இருந்து வந்து ஒட்டுசுட்டான் விறாந்தையில குந்தியிருந்தும் உனக்கு விடிவில்லை. கடைசியில, "இனி ஒரு மரத்தை நட்டு என்ன, நடாட்டி என்ன" எண்டு கேட்டாய் பார், அதுக்குத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில போட்டால் நீ அரைவாசி வாசிக்கமுன்னம் மேலால ஒரு போர் வந்து விழும். அதாலதான் கடதாசி.

தொண்ணூறுகளில சண்டைக்குள்ள அரசாங்கம் எங்கட பக்கத்துக்குச் சாமான் வர விடாமல் போட்ட பொருளாதாரத் தடை நேரத்தை ஒருக்கா நினைச்சுப் பார். பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். இரவு 9.15 க்கு பிபிசி தமிழோசை. அரை மணித்தியாலம். பெடல் சுத்துறவனுக்குக் கை உளைஞ்சால் உலகச் செய்தியும் அதோட நிண்டுபோகும். எறிகணைச் செல் விழுகிற ஊரில இருந்துகொண்டு சனம் ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் செய்தி கேட்டுது. மிச்ச நேரம் மிளகாய்க்குத் தண்ணி கட்டிச்சுது, கலியாணம் பேசிச்சுது, காட்ஸ் விளையாடிச் சண்டை பிடிச்சுது. 2017 ஏப்ரலோட அந்த ஒலிபரப்பும் நிண்டுபோச்சு. இப்ப உன்ர கையில கிடக்கிற சாமானைச் சுத்த ஆளும் தேவையில்லை, அது ஓயிற நேரமும் இல்லை. உலகம் அப்பவும் கெட்டுத்தான் கிடந்தது. அளவுதான் இப்ப இல்லை.

செய்தியே கேளாத எண்டு சொல்ல நான் சாமியார் இல்லை. மழை எச்சரிக்கை, முத்தையன்கட்டுக் குளம், இரணைமடுக் குளம் வான்கதவு திறக்கிற அறிவித்தல், நெல்லு விலை, உரம் எல்லாம் உன்ர வரம்பைத் தொடுற செய்தி. 2021 இல இரசாயன உரத்தை ஒரேயடியா நிப்பாட்டேக்க காலபோக நெல்லு பட்ட பாடு தெரியும்தானே, அதைக் கேக்காமல் இருக்க ஏலாது. மற்றதுக்கு ஒரு நேரம் வை. பின்னேரத் தேத்தண்ணியோட அரை மணித்தியாலம் காணும். படுக்கையில போன் வேண்டாம். மணி அடிக்கிற அறிவிப்பு எல்லாத்தையும் நிப்பாட்டு.

சரி, மரம் நடுற கேள்விக்கு வாறன். என்ர பதில் பனங்கொட்டை.

சிரியாத. இப்ப பனங்கூடல் பக்கம் போய்ப் பார், பழம் விழுந்து நாறிக் கிடக்கு, பொறுக்க ஆளில்லை. பிள்ளையளுக்குப் பனங்காய்ப் பணியாரம் வேணும், களி பிசைய மட்டும் ஒருத்தரும் இல்லை. நீ பொறுக்கு. ஆனால் உங்கட பக்கம் விடியமுன்னம் போகாத, பனம்பழத்தில யானைக்கும் ஆசை. நல்லா வெளிச்ச பிறகு போ, யானை விட்டது காணும்.

ஒரு பழத்தில ஒண்டிலயிருந்து மூண்டு கொட்டை வரும். களியைப் பிசைஞ்சு எடுத்துப்போட்டு, கொட்டையை நிழலில குவிச்சு வை. சீமெந்து நிலத்தில வெயிலுக்குப் பரப்பினால் உள்ள இருக்கிற முளை காய்ஞ்சு செத்துப்போம். கையில தூக்கிப் பார்த்துப் பாரமில்லாததை விலத்து.

பாத்திதான் முக்கியம். பனைக்கு முளை மேல வராது, முதல்ல கீழ இறங்கும். அந்த இறங்கிற முளைதான் கிழங்கு. அதாலை கொட்டைக்குக் கீழ ஒண்டரை அடிக்குக் குறையாமல் பொலபொலத்த மண் வேணும். எங்கட பக்கம் மணல் பாங்கு, கவலையில்லை. உன்ர காணி இறுகின செம்மண். அதைக் கிண்டி மினக்கெடாத, மேலால உயர்த்து. சுத்திவர தென்னங்குத்தி அடுக்கி, உள்ளுக்கு மணலையும் மேல்மண்ணையும் கலந்து கொட்டு. இறுகின மண்ணில கிழங்கு குட்டையாகி வளைஞ்சு நிக்கும், கிண்டேக்க முறியும். பச்சைச் சாணம் போடாத. வண்டு அதிலதான் முட்டையிடும், பிறகு புழுவைத்தான் நீ அறுவடை செய்வாய்.

6 அடி நீளம், 3 அடி அகலம் எண்டால் ஒரு அடுக்கில 150 கொட்டை அளவில அடங்கும். முளை வாற கண் கீழ பார்க்க, ஒண்டோட ஒண்டு முட்ட வை. மேல 2, 3 அங்குலம் மண், அதுக்கு மேல காவோலை, காய்ஞ்ச பனையோலைதான். மழை துவங்கும் வரைக்கும் பின்னேரத்தில தண்ணி தெளி, காய விட்டால் கறையான் ஏறும். ஐப்பசி மழை பிடிச்ச பிறகு உனக்கு வேலை இல்லை, தண்ணி தேங்காமல் ஓரத்தில வாய்க்கால் மட்டும் வெட்டு. தேங்கினால் கொட்டை அழுகும், மணத்திலயே தெரியும். சுத்திவர முள்ளுக் கொப்பு நெருக்கி அடை. பண்டியும் முள்ளம்பண்டியும் உன்னை விட நல்லாக் கிழங்கு கிண்டும்.

இன்னொண்டு, இது பகிடி இல்லை. மண் எடுக்கிற இடத்தில மண்வெட்டியில துருப்பிடிச்ச இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் அப்பிடியே விட்டிட்டு விலகு. தட்டிப் பாராத, எடுத்து ஓரமா வைக்காத. கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லு. சண்டை முடிஞ்சு இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எங்கட மண்ணில வெடிக்காத செல்லும் மிதிவெடியும் வந்துகொண்டுதான் இருக்கு.

தை பிறக்க ஒண்டை மட்டும் கிண்டிப் பார். முதல் குருத்து மண்ணுக்கு மேல தலை காட்டினால் பிந்தாத, நாள் போகப் போக எல்லாம் தும்பாப் போம். மேலால இழுக்காத. பாத்தியின்ர ஒரு கரையை வெட்டித் திறந்து, பக்கவாட்டில அலவாங்கால மண்ணைத் தளர்த்தி எடு. கொட்டையை வெட்டினால் உள்ள இருக்கிற வெள்ளைச் சதைதான் பூரான். அதைத் திண்ட பிறகு மிஞ்சிற ஊமல் அடுப்புக்கு. உள்ளங்கையில அடங்கிற ஒரு பூரானை வாயில போட்டு அதின்ர தண்மை தொண்டையில இறங்கேக்க எந்தச் செய்தியை நினைச்சுக்கொண்டிருந்தனீ எண்டு எனக்குச் சொல்லு பாப்பம்.

கிழங்கைத் தோலுரிச்சுக் கழுவி, உப்பு, மஞ்சள், தட்டின மிளகு, உள்ளி போட்டு அவி. அவிச்சதை இரண்டாக் கிழிச்சுக் காயவிட்டால் புழுக்கொடியல், பச்சையாக் கிழிச்சுக் காயவிட்டால் ஒடியல். சடக்கெண்டு முறியிற பதத்துக்கு வரமுன்னம் பேணியில அடைச்சால் பூஞ்சணம் பிடிக்கும். உன்ர ஆள் லண்டனுக்கு அனுப்பின பார்சலுக்கு நடந்தது அதுதான்.

நடாட்டி என்ன எண்டு கேட்டாய். புதுக்குடியிருப்புப் பக்கம் செல்லடியில தலையில்லாமல் நிண்ட பனையள் உனக்கும் எனக்கும் தெரியும். சண்டை முடிஞ்சு திரும்பி வந்த சனம் தறப்பாளுக்குள்ள இருந்துகொண்டே வேலியோரம் கொட்டை போட்டுது. வீடு இல்லை, கிணறு துப்பரவில்லை, கொட்டை போட்டுது. அதில சிலது இப்பதான் பாளை தள்ளுது. பனை ஆணா பெண்ணா எண்டு பாளை வரும் வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது, பன்னிரண்டு பதினைஞ்சு வருசம் தெரியாமலே வளர்க்க வேணும். அந்தச் சனத்துக்கு உலகம் நல்லாப் போகும் எண்டு ஆரும் உறுதி குடுக்கேல்ல. தங்கட காணிக்கு எல்லை வேணும், பேரப்பிள்ளைக்கு நுங்கு வேணும், அவ்வளவுதான் கணக்கு. நீ பொறுக்கின கொட்டையிலயும் ஒரு பத்தைப் பாத்தியில வைக்காமல் எடுத்து வேலியோரம் நேர நட்டு விடு.

மாசியில ஒடியல் கூழ். ஒடியலை இடிச்சு எடுத்த மாவை முதல்ல தண்ணியில ஊறவிட்டு, தெளிஞ்ச தண்ணியை ஊத்தி ஊத்தி மாத்து, இல்லாட்டிக் கசக்கும். ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயித்தங்காய் அவிய, நண்டும் மீன்தலையும், கடைசியில இறாலும் கணவாயும். கணவாயை முந்திப் போட்டால் ரப்பர். பிறகு அரைச்ச செத்தல் மிளகாய், பழப்புளி, கரைச்ச மா. மா விழுந்த பிறகு அகப்பை நிக்கக்கூடாது, அடிப்பிடிச்சால் முழுப்பானையும் புகை மணக்கும். இதை ஒராளுக்கு மட்டும் காய்ச்ச ஏலாது, அதுதான் எனக்கு இதில பிடிச்சதே. பத்துப் பேராவது பனையோலைப் பிளாவும் கையுமா நிண்டால்தான் பானை ஒழியும். அந்த நேரம் ஆர் போனைப் பாக்கிறது, கை முழுக்க நண்டு.

நந்திக்கடல் இறாலும் நண்டும் என்ர பொறுப்பு. பயித்தங்காயும் பலாக்கொட்டையும் நீ. ரவுசர் மாஸ்டருக்கு ஆரும் வாய் தவறியும் சொல்லிப் போடாதேங்கோ, அவர் வந்தால் கணவாய் எங்களுக்கு மிஞ்சாது. கொட்டை பொறுக்கக் கடகப் பெட்டி இல்லாட்டி பெடியன் மோட்டச்சைக்கிளில வரேக்க ஒண்டு குடுத்துவிடுறன், மழைக்கு முன்னம் கொட்டையைப் பொறுக்கி முடி.

இப்படிக்கு,
உன்ர கட்டையன்