ஒன்பதாவது கேள்வியை அன்றைக்கே படியுங்கள்: குமரி மாவட்டக் கல்லூரிகளின் சமூகப்பணித் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பேராசிரியர்களுக்கு வணக்கம்.

தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். உங்கள் எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலைச் சமூகப்பணி) மாணவர்கள் வளரிளம் பருவ மனநலம் பற்றி ஆய்வு செய்ய எங்கள் பள்ளிக்குக் கேள்வித்தாள் கட்டோடு வருகிறார்கள். வரட்டும், வரத்தான் வேண்டும். 2015-16 தேசிய மனநல ஆய்வே 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது.

அந்தக் கட்டில் பி.எச்.க்யூ-9 என்று மனச்சோர்வை அளக்கும் தாள் ஒன்று. அதன் ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் செத்துப்போனால் தேவலை என்றோ தன்னையே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. போன தடவை ஒரு மாணவி அதில் 'இல்லை' என்று டிக் போட்டாள், அழித்தாள், பக்கத்துக் கட்டத்தில் போட்டாள், மறுபடி அழித்தாள், தாள் அந்த இடத்தில் கிழியப் பார்த்தது. மணி அடித்ததும் தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டேன். "டேட்டா என்ட்ரி போடும்போதுதான் மிஸ், பரீட்சை முடியட்டும்." அவளோடு அன்று சாயங்காலமே உட்கார்ந்து பேசினேன், என் கண்ணில் பட்டதால். படாத பிள்ளைகளை யார் பார்ப்பது?

அதே கேள்வித்தாள் கட்டில் 'தந்தையின் தொழில், மாத வருமானம்' என்று ஒரு கட்டம். 2017 ஒக்கிப் புயலில் அப்பாவைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். "என்ன எழுத, டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான், ஆய்வுக்கு வந்தவரிடம் பதில் இல்லை. எங்கள் ஊரை முதலில் விசாரித்துவிட்டு அந்தக் கட்டத்தை எழுதியிருக்கலாமே.

தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் போதாது. 2017 ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறைப்படி பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும், 12 வயதுக்கு மேல் எழுத்தில். பெயர் வேண்டாம் என்றால் சரி, எண் போடுங்கள், எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் மூடிய உறையில் இருக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் அங்கே நிற்காது என்பது நீங்களே வகுப்பில் நடத்தும் பாடம்தானே.

பள்ளியை விட்டுப் போகும் முன் எல்லாத் தாளிலும் அந்த ஒரு கேள்வியைப் பார்த்துவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் முன்கூட்டியே பேசி வையுங்கள். மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416, குழந்தைகளுக்கான சைல்டுலைன் 1098 இரண்டு எண்களையும் தாளிலேயே அச்சடியுங்கள். அப்புறம், ஆய்வில் என்ன தெரியவந்தது என்று தமிழில் பெற்றோர் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். இதுவரை ஒருவரும் வரவில்லை.

அடுத்த முறை வருவதற்கு முன் தகவல் சொன்னால், தாள்களைப் பார்க்கக் கடைசிப் பீரியடும் ஒரு தனி அறையும் ஒதுக்கி வைக்கிறேன்.