மருமகள் வழியாக வரும் கிரீன் கார்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நானும் உங்கள் மருமகளும் இங்கு நலம். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்கு என் நிறுவனமே விண்ணப்பிக்கத் தயாராக இருக்கும்போது, மனைவி அமெரிக்கக் குடிமகள் என்பதைக் காட்டி அதை வாங்குவது வீட்டோடு மாப்பிள்ளையாகப் போவதற்குச் சமம் அல்லவா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அவசரமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல என்பதால் எழுதுகிறேன்.

நிறுவனத்தின் வழி கௌரவமானதுதான். ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை நகர்வதில்லை. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 விசாக்கள்தாம் உண்டு. பொதுவாக எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. யாருடைய முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டின் என்ற பட்டியலை என் அலுவலகத்தில் நம்மவர்கள் ராசிபலன் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, தேதி நகரவில்லை என்று தெரிந்ததும் பேசாமல் வேலைக்குத் திரும்புகிறார்கள். பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருப்பவர்கள் உண்டு. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் ஒருவருக்கு வேலை போனால், அதிகபட்சம் 60 நாட்களுக்குள் வேறு நிறுவனத்தையோ வேறு வழியையோ தேடியாக வேண்டும். அந்தப் பயத்திலேயே, பிடிக்காத மேலாளரிடம் வாய் திறக்காமல் காலம் தள்ளுகிறார்கள். இதில் எந்தக் கௌரவத்தைக் காண்பது?

குடிமக்களின் கணவன் அல்லது மனைவிக்கோ எண்ணிக்கை வரம்பே கிடையாது. காகிதங்களைச் சரிபார்க்க ஆகும் காலம்தான் காத்திருப்பு. இதிலும் இரண்டு கிளைகள் உண்டு. ஊருக்கு வந்து மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடித்துத் திரும்புவது ஒன்று; இங்கிருந்தபடியே என்னைக் கணவன் என்று காட்டி அவள் தரும் ஐ-130 மனுவையும் கிரீன் கார்டு கேட்டு நான் தரும் ஐ-485 விண்ணப்பத்தையும் சேர்த்து அனுப்புவது மற்றொன்று. முதலாவதில் மாதக்கணக்கில் பிரிந்திருக்க நேரிடலாம் என்பதால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். பிற விசாக்கள் பெரும்பாலானவற்றில் இருப்பவர்கள் விண்ணப்பித்த பின் பயண அனுமதி பெறாமல் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். எனக்கு எச்-1பி விசா செல்லுபடியாக இருப்பதால், அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் தடையின்றி வந்து போக முடியும்.

நீங்கள் அறிய வேண்டியது இன்னொன்று. உங்கள் மருமகள் ஐ-864 என்ற படிவத்தில் கையெழுத்திட வேண்டும். வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காட்டுக்குக் குறையாத வருமானத்தில் என்னைத் தாங்குவேன் என்று அரசுக்கு அவள் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் அது. நான் குடியுரிமை பெறும்வரை அல்லது ஏறத்தாழ பத்தாண்டு வேலைக்கணக்குச் சேரும்வரை அந்தப் பொறுப்பு தொடரும். விவாகரத்து ஆனாலும் தீராது. நான் தயங்கியது இந்த இடத்தில்தான். அவளோ படிவத்தை முழுவதும் படித்துவிட்டு, பேனா எங்கே என்று கேட்டாள். தாழ்வு என்று எதையாவது சொல்வதானால், அந்தக் கையெழுத்தின் முன் நான் கொஞ்சம் தாழ்ந்து நிற்பதில் எனக்கு வருத்தமில்லை.

திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் ஒப்புதல் வந்தால், முதலில் இரண்டு ஆண்டுகளுக்கான நிபந்தனைக் கார்டுதான் கிடைக்கும். அது முடியும் முன் 90 நாட்களுக்குள் நாங்கள் இருவரும் சேர்ந்து மறுபடி மனுச் செய்ய வேண்டும். சேர்ந்து வாழ்ந்தால், கார்டு கிடைத்து மூன்று ஆண்டுகளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மற்றவர்களுக்கு ஐந்து. அதன்பின் உங்களையும் அம்மாவையும் வரம்பில்லாத அதே பிரிவில் அழைக்க முடியும். தம்பிக்கு மட்டும் இப்போதே ஆசை காட்டிவிடாதீர்கள். உடன்பிறந்தோருக்கான வரிசையும் மிக நீண்டது.

என் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இடம்பெறவில்லை. நகராட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துப் புதிய நகல் வாங்கி, அம்மாவின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்களிலேயே இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள். மூலச் சான்றிதழ் உங்களிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்