அமைதிக் கூட்டத்தில் அந்தப் பையன்கள் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும்போதெல்லாம் நல்லவேளை நம்ம ஊர்ல இது இல்ல என்று டீக்கடையில் பேசி முடித்துவிடுகிறோம். முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியாது, 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். அது தீவிரவாத வழக்கு, சரி, அதை விடுவோம். நான் சொல்ல வருவது வெட்டுகத்தியை எடுத்துக்கொண்டு நடக்கிற பழிக்குப் பழி. ஆயுதம்தான் வேறு, நேற்று அவன் அண்ணனை அடித்தார்கள், இன்று இவன் தம்பியை வெட்டினார்கள் என்று போகிற கணக்கு சிகாகோ தெருக்களிலும் இதேதான்.

அங்கே கேரி ஸ்லட்கின் என்று ஒரு டாக்டர். சோமாலியா அகதி முகாம்களில் காசநோய்க்கும் காலராவுக்கும் வேலை பார்த்தவர். ஊர் திரும்பியவர், துப்பாக்கிச் சூடும் தொற்றுநோய் மாதிரி ஒன்றிலிருந்து இன்னொன்றாகப் பரவுகிறது என்று கண்டு, 2000-இல் மேற்கு கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் அதே தெருக்காரர்களை, அதிலும் பழைய கும்பல் ஆட்களை, ஜெயிலுக்குப் போய் வந்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்தார். எங்கே தகராறு முற்றுகிறது என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், அடுத்த தோட்டா வெடிக்கும் முன் போய்ப் பேசுவார்கள். போலீசுக்குத் துப்புக் கொடுப்பதில்லை, அதனால்தான் பையன்கள் காது கொடுக்கிறார்கள். ரவுடிக்குச் சம்பளமா என்று கேட்பீர்கள், எனக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் படித்த பெரியவர் சொன்னால் அவன் கேட்பானா?

அமெரிக்காவின் இன்னொரு ஊரான ஓக்லாந்தில் 1994 முதலே, பழிவாங்கக் கிளம்பாதே என்று பேச, குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் பையனின் படுக்கைக்கே ஆள் போகிறது. எனக்கு உடனே நம் ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வந்தது. வெட்டுப்பட்டவனைக் கொண்டுபோனதும் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் கூட்டாளிகள் கூடி நிற்பார்கள், அடுத்தது யாரை என்ற பேச்சு அங்கேயே ஓடும். அந்த நேரத்தில் அவர்களிடம் பேச நம்மிடம் யார் இருக்கிறார்கள்? குண்டர் சட்டத்தில் போட்டால் அதிகபட்சம் 12 மாதம் உள்ளே இருப்பான், அப்புறம் அதே தெருவுக்குத்தானே வருகிறான்.

பிலடெல்பியாவில் செய்தது இன்னும் எளிது. குப்பை மண்டிய காலி மனைகளைச் சுத்தம் செய்து புல்லும் மரமும் வைத்தார்கள், ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்ததாக 2018-இல் வந்த ஆய்வு சொல்கிறது. நம் ஊரில் புதர் மண்டிய மனையில் ராத்திரி என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், மாநகராட்சி மனசு வைத்தால் ஒரு ஜேசிபி போதும்.

நமக்கும் இது புதிதல்ல. 1982 மண்டைக்காடு இந்து-கிறிஸ்தவக் கலவரத்துக்குப் பின் குன்றக்குடி அடிகளார் வந்து இரு தரப்போடும் பேசினார். இப்போதோ தாலுகா ஆபீசில் அமைதிக் கூட்டம் போட்டால் எல்லாக் கட்சித் தலைவர்களும் வந்து டீ குடித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள், வெட்டிக்கொண்ட பையன்களில் ஒருவன்கூட அங்கே இருப்பதில்லை.

குமரி மாவட்ட நிர்வாகம் முதலில் ஆசாரிபள்ளத்திலும் அடிக்கடி தகராறு நடக்கும் இரண்டு வார்டுகளிலும் இப்படி ஆட்களைச் சம்பளத்துக்குப் போட்டுப் பார்க்கட்டும். பங்குப் பேரவை, கோயில் கமிட்டி, ஜமாத், கபடி கிளப் என்று எல்லோரும் ஆளைச் சொல்லலாம், கட்சிக்காரர் மட்டும் வேண்டாம். ஒரு வருடத்தில் நிறுத்தியும் விடக்கூடாது. 2015-இல் இல்லினாய் மாநில அரசின் பணம் நின்றதும் சிகாகோவில் பல பகுதிகளில் இந்த வேலை படுத்துவிட்டது.

ஒரு வாசகர்,
கோட்டாறு