பதக்கம் வாங்காதவரும் பயிற்சியாளராகலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விளையாட்டு அணிகளுக்குப் பகுதிநேரப் பயிற்சியாளர்களாக, மாநில அளவில் பதக்கம் வென்றவர்களை மட்டுமே நியமிக்க வேண்டும் என்று கிருஷ்ணகிரி வாசகர் ஒருவர் சென்ற வாரம் இதே பகுதியில் எழுதியிருந்ததைப் படித்தேன். பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி கிடைக்க வேண்டும் என்ற அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால், முப்பத்தோராண்டுகள் தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், அவர் முன்வைக்கும் அளவுகோல் தவறானது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதற்குச் சான்றாக, நமக்குச் சிறிதும் பழக்கமில்லாத அமெரிக்கக் கால்பந்திலிருந்து ஒருவரையும் நம் ஊர்க் கபடியிலிருந்து ஒருவரையும் சொல்ல விரும்புகிறேன்.

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மகளின் பேறுகாலத்திற்காக நானும் என் மனைவியும் பிலடெல்ஃபியா நகருக்கு அருகில் ஆறு மாதம் தங்கியிருந்தோம். அந்த ஊர் அணியான ஈகிள்ஸ், சூப்பர் பவுல் எனப்படும் இறுதிப் போட்டியை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. வெற்றிக் களிப்பில் இளைஞர்கள் விளக்குக் கம்பங்களில் ஏறிவிடக் கூடாது என்று காவல்துறையினர் கம்பங்களில் மசகு தடவியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எனக்கு நம் ஊர்த் திருவிழா வழுக்குமரம்தான் நினைவிற்கு வந்தது. ஆட்டத்தின் விதிகளை மருமகன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். களத்தில் அணிக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேறியாக வேண்டும், இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் கையில் வாங்கி, யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுப்பவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அணிக்கு அப்படி ஒருவர்தான் ஆடுவார். அவர் அடிபட்டால் இறங்குவதற்கென்று இன்னொருவர் ஓரத்தில் காத்திருப்பார். பல ஆண்டுகள் இறங்காமலேயே காத்திருப்பவர்களும் உண்டு.

ஈகிள்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரான டக் பீடர்சன் அப்படிக் காத்திருந்தவர். 1991இல் கல்லூரியை முடித்து வந்தபோது, வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் வருடாந்திரத் தேர்வில் எந்த அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. மயாமி அணியில் டேன் மரீனோவுக்கும், கிரீன் பே அணியில் பிரெட் ஃபார்வுக்கும் பின்னால் அவர் நின்றார். இருவரும் அந்த விளையாட்டின் மாபெரும் பெயர்கள். ஃபார்வோ காயம்பட்டாலும் வெளியே வராதவர். அந்தக் காலத்தில் பீடர்சனுக்குக் களத்தில் கிடைத்த வேலைகளில் ஒன்று, கோலை நோக்கிப் பந்தை உதைப்பவருக்காக ஒற்றை முழங்காலை ஊன்றிக் குனிந்து, பந்தை விரல் நுனியால் நிறுத்திப் பிடித்துக்கொடுப்பது. பந்து பறந்த பிறகு கைதட்டல் முழுவதும் உதைத்தவருக்குத்தான். 1999இல் ஈகிள்ஸ் அணிக்காக முதன்மைக் குவார்ட்டர்பேக்காக ஒன்பது ஆட்டங்கள் ஆடும் வாய்ப்புக் கிடைத்தது. அவற்றில் இரண்டில்தான் அணி வென்றது. அவரை இறக்கிவிட்டு இளையவரான டொனோவன் மெக்நாபை ஆடவிடும்படி பிலடெல்ஃபியா மக்கள் அரங்கம் அதிரக் கூச்சலிட்டார்கள்.

2005இல் ஓய்வு பெற்றதும் அவர் போன இடம் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரிலுள்ள ஒரு பள்ளி. நான்கு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். பள்ளி மைதானத்தில் விசில் ஊதிப் பிழைத்தவனாதலால், அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தன் வாழ்நாள் முழுதும் பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததையெல்லாம், பதினைந்து வயதுப் பையனுக்குப் புரியும்படி உடைத்துச் சொல்ல அவர் அங்கே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். உலகத் தரத்து வீரனுக்குச் சொல்வதைவிட எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது கடினம் என்பது என் அனுபவம். பிறகு 2009இல் ஈகிள்ஸ் அணியிலேயே மிகக் கீழ்நிலை உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, 2016இல் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார்.

2017 டிசம்பரில் அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக்கான கார்சன் வென்ட்ஸ் முழங்காலில் அடிபட்டு விலக நேர்ந்தது. ஊரே இழவு விழுந்ததுபோல் ஆகிவிட்டதாக என் மகள் சொன்னாள். இறங்கியவர் மாற்று வீரரான நிக் ஃபோல்ஸ். அவருக்கு மேலே இருந்த தாக்குதல் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கும் மாற்று வீரராகவே காலம் கழித்தவர். 1993 ஜனவரியில் ஹூஸ்டன் அணிக்கு எதிராக 3க்கு 35 என்று பின்தங்கிக் கிடந்த பஃபலோ அணியை, முதன்மை வீரருக்குப் பதிலாக இறங்கி 41க்கு 38 என்று வெல்ல வைத்தவர் அவர். ஆக, தலைமைப் பயிற்சியாளர், அவருடைய துணைவர், ஆடும் வீரர் ஆகிய மூவருமே ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள். அப்படி இருந்தவனுக்கு என்ன சொன்னால் நெஞ்சில் பயம் போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2018 பிப்ரவரி 4 அன்று மினியாபொலிஸ் நகரில் நியூ இங்கிலாந்து அணியுடன் இறுதிப் போட்டி. இடைவேளைக்கு 38 வினாடிகளே இருந்தன. ஈகிள்ஸ் 15க்கு 12 என முன்னிலை, எல்லைக்கோட்டிற்கு ஒரு கெஜம், கடைசி முயற்சி. உதைத்து மூன்று புள்ளிகளை எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான வழி. பீடர்சன் அதை எடுக்கவில்லை. அதுவரை அவர்கள் எந்த ஆட்டத்திலும் காட்டாத ஒரு வித்தையை ஆடலாமா என்று ஃபோல்ஸ் ஓரத்திற்கு வந்து கேட்டார். பயிற்சியாளர் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சரி என்றார். பந்து ஃபோல்ஸின் கைக்கு வராமல் நேராக இன்னொருவரிடம் போய், அவரிடமிருந்து மூன்றாமவருக்குப் போய், அவர் எறிந்த பந்தை ஃபோல்ஸே எல்லைக்கோட்டிற்கு அப்பால் தனியாக நின்று பிடித்தார். பந்தை எறிய வேண்டியவரே பிடிப்பவரானதை எதிரணி எதிர்பார்க்கவில்லை. ஆட்டம் 41க்கு 33 என முடிந்தது. அந்த அணிக்கு அதுவே முதல் சூப்பர் பவுல் வெற்றி. சில மாதங்களில் அரங்கத்திற்கு வெளியே ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். வீரர் கேட்க, பயிற்சியாளர் காதுகொடுத்துக் கேட்கும் அந்தக் கணத்தையே சிலையாக வார்த்திருக்கிறார்கள்.

அந்தச் சிலை நின்ற ஊரிலிருந்தே, மூன்றாண்டுகள் முடிவதற்குள், அணி தோற்றதும் பீடர்சனை நீக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறகு ஜாக்சன்வில் அணிக்குப் போய், 2023 ஜனவரியில் 0க்கு 27 எனப் பின்தங்கியிருந்த ஓர் ஆட்டத்தை 31க்கு 30 என வென்றார். 2025 ஜனவரியில் அங்கிருந்தும் நீக்கப்பட்டார். பயிற்சியாளர் வேலை அவ்வளவு நிலையற்றது.

பெரிய வீரர்களே பெரிய பயிற்சியாளர்கள் ஆவார்கள் என்றால் பார்ட் ஸ்டாரைப் பார்க்க வேண்டும். கிரீன் பே அணிக்கு ஐந்து முறை பட்டம் வாங்கித் தந்த குவார்ட்டர்பேக். முதல் இரண்டு சூப்பர் பவுல்களிலும் சிறந்த வீரர் விருது பெற்றவர். அதே அணிக்கு 1975 முதல் 1983 வரை பயிற்சியாளராக இருந்தபோது 52 ஆட்டங்களில் வென்று 76 ஆட்டங்களில் தோற்றார். அவருடைய உழைப்பையோ நேர்மையையோ யாரும் குறை சொல்ல முடியாது. தனக்கு இயல்பாக வருவதைப் பிறருக்கு வரவழைப்பது வேறு ஒரு கலை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பாலக்கோடு பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் இருந்தபோது, கபடி அணியில் இரண்டாண்டுகள் மாற்று வீரனாகவே இருந்த மாணவன் ஒருவன் உண்டு. மெலிந்த உடம்பு, பாடிப்போனால் நடுக்கோட்டிற்குத் திரும்புவதற்குள் மூச்சு விட்டுவிடும். அவன் கையில் எப்போதும் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கும். பக்கத்திற்கு ஒரு களம் வரைந்து, எதிரணியில் பாடி வருபவன் முதலில் எந்தக் காலை வைக்கிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பென்சிலால் குறித்து வைப்பான். குறுவட்ட இறுதிப் போட்டியின் இடைவேளையில் அந்த நோட்டைத் தலைவனிடம் காட்டி, எதிரணியின் முக்கிய ஆட்டக்காரன் போனஸ் கோட்டிற்குக் கால் நீட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு முறையும் வலக்கையைத் தொடையில் துடைத்துக்கொள்கிறான் என்றான். பிற்பாதியில் அவன் கையைத் துடைத்தபோதெல்லாம் எங்கள் இடது கார்னர் தயாராக இருந்தான். மூன்று முறை கணுக்காலைப் பிடித்தோம். இரண்டு புள்ளியில் வென்றோம். கோப்பையுடன் எடுத்த படத்தில் அந்தப் பையன் ஓரத்தில் தண்ணீர்க் கேனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

இன்று அவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். ஞாயிறுதோறும் ஊருக்கு வந்து, பதினான்கு பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறார். ஒரு பள்ளியில் பகுதிநேரப் பயிற்சியாளர் தேவை என்று கேட்டுப் போனவரிடம், மாநிலச் சான்றிதழ் இல்லை என்று ஐந்தே நிமிடத்தில் பேச்சை முடித்துவிட்டார்கள். நோட்டைப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளையிடம் அவரைப் பேசவிட்டும் பார்க்கவில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வதைக்கூட நான் சகித்துக்கொண்டேன். இதைச் சகிக்க முடியவில்லை.

ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் நல்ல பயிற்சியாளர்கள் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. பலர் மனம் கசந்து விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். ஆகவே, சான்றிதழைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரையும் மைதானத்திற்கு அழைத்து, முன்பின் தெரியாத பத்துப் பிள்ளைகளை ஒப்படைத்து, ஒரு மணி நேரம் பயிற்சி நடத்தச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தையும் பள்ளி மேலாண்மைக் குழுக்களையும் கேட்டுக்கொள்கிறேன். தேறுபவரிடம் முறையான படிப்பு இல்லையென்றால், பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சி போன்றவற்றிற்குப் போய்வர உதவலாம். கிருஷ்ணகிரி வாசகருக்கும் என் அன்பான அழைப்பு: ஒரு ஞாயிறு மாலை பாலக்கோடு வந்தால், அந்தப் பதினான்கு பிள்ளைகள் ஆடுவதை நானே உடன் வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.